மாமாவின் இரண்டு பற்களும் ஒரு பாலிசியும்

மாமாவின் வாயில் இரண்டு இடங்கள் காலியாக இருந்தன. கீழே வலது பக்கம் முதல் கடைவாய்ப் பல்லை 2020-ல், சொத்தை முற்றிப்போய்ப் பிடுங்கியிருந்தார்கள். மேலே முன்பல் ஒன்று 2024 அக்டோபர் மழையில், வேகத்தடை ஒன்றில் டிவிஎஸ் எக்ஸெல் வழுக்கி விழுந்தபோது ரோட்டிலேயே போய்விட்டது. பக்கத்துப் பல் உடைந்து தொங்கியது. 2025 பிப்ரவரியில் ஒரே நாளில், ஒரே நாற்காலியில், ஒரே மருத்துவர் இரண்டு காலி இடங்களிலும் இம்ப்ளாண்ட் வைத்தார், அதாவது தாடை எலும்பில் திருகு இறக்கி அதன்மேல் மாட்டும் செயற்கைப் பல். இரண்டிலும் இறங்கியது ஒரே கம்பெனியின் டைட்டானியம் திருகு. விலையும் ஒன்றுதான்.

காப்பீட்டுக் கணக்கில் மட்டும் இரண்டும் வேறு வேறு பற்கள். கடைசியில் இரண்டுக்கும் பைசா வரவில்லை. ஆனால் வராமல் போன காரணங்கள் வேறு. இதை எழுதுவதே அந்தக் காரணங்களுக்காகத்தான்.

மாமாவுக்கு 61 வயது. ஈரோட்டில் மஞ்சள் மண்டி ஒன்றில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். விரலி மூட்டையில் ஒரு கிலோ எடை குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். ஐந்து வருஷமாகப் பிரீமியம் கட்டிய பாலிசிப் புத்தகத்தை ஒருநாளும் பிரித்ததில்லை. நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறவன் என்பதால் வீட்டில் எந்தக் காகிதம் வந்தாலும் என் பக்கம் தள்ளிவிடுவார்கள். அப்படித்தான் இந்த ஃபைலும் வந்தது.

விழுந்த அன்று இரவு தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். உதட்டில் ஐந்து தையல், தலைக்கு சிடி ஸ்கேன், இரண்டு நாள் கண்காணிப்பு. அங்கேயே வந்து பார்த்த பல் மருத்துவர், உடைந்து ஆடிய பல்லை மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு கட்டிவிட்டுப் போனார். மொத்த பில் 46,850 ரூபாய். காப்பீட்டு நிறுவனம் 42,310 கொடுத்தது. பிடித்த 4,540-ல் கையுறை, முகக்கவசம், அட்மிஷன் கிட், பதிவுக் கட்டணம் என்று நீளமான பட்டியல் இருந்தது. அதில் எங்களுக்குப் பெரிய வருத்தமில்லை. கம்பி கட்டிய செலவும் பல் மருத்துவர் வந்துபோன கட்டணமும் அந்த 42,310-க்குள்ளேயே வந்துவிட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். அதாவது, பல் சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் பணம் கொடுத்தது. மாமா கட்டிலில் படுத்திருந்தார், அதனால் கொடுத்தது.

"அப்ப பல்லுக்கும் வருதல்ல மாப்ளே?" என்றார் மாமா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்தபின் பல் கிளினிக் போனோம். பல் மருத்துவர்கள் பற்களை எண்ணால்தான் சொல்வார்கள். விழுந்துபோனது 11. உடைந்தது 21. கீழே பழைய காலி இடம் 46. இந்த மூன்று எண்கள் பின்னால் எங்களுக்கு எவ்வளவு உதவப்போகின்றன என்று அன்று தெரியாது.

21-ஐக் காப்பாற்றலாம், வேர் சிகிச்சை செய்து கேப் போட்டால் போதும் என்றார் மருத்துவர். 11 இருந்த இடத்தில் முன்பக்க எலும்பு மெலிந்து உடைந்திருந்தது; எலும்புத் தூள் வைத்து மேடு கட்டி, அதோடு இம்ப்ளாண்ட். "கீழே நாலு வருஷமா காலியா இருக்கே, அதையும் சேர்த்து முடிச்சிடலாமா?" என்று அவரே கேட்டார். மாமா உடனே சரி என்றுவிட்டார். ஒரே ஊசியில் ஒரே வலியோடு முடியட்டும் என்ற கணக்கு. மருத்துவமாகப் பார்த்தால் தப்பில்லை. பில்லாகப் பார்த்தால் அங்கேதான் குழப்பம் தொடங்கியது.

ஆனால் உடனே தொடங்க முடியவில்லை. மூன்று மாத சர்க்கரை 8.4. அதை 7-க்குப் பக்கத்தில் கொண்டுவந்தால்தான் கத்தி வைப்பேன் என்றார் மருத்துவர். பல் விழுந்த குழியும் காயமும் ஆறவேண்டும். நவம்பர் 8-ல் வேர் சிகிச்சையும் 20-ல் தாடைக்கான முப்பரிமாண ஸ்கேனும் முடிந்தன. இம்ப்ளாண்ட் பிப்ரவரி மூன்றாம் வாரம். அது எலும்போடு பிடித்துக்கொள்ள நாலு மாதம். கேப் மாட்டியது ஜூலையில்.

முழு செலவையும் இங்கே வைத்துவிடுகிறேன். ஸ்கேன் 2,500. வேர் சிகிச்சை 4,500. அந்தப் பல்லுக்கு சிர்கோனியா கேப் 9,000. முன்பல் இடத்தில் எலும்புத் தூளும் மேலே போடும் சவ்வும் 14,000. இம்ப்ளாண்ட் 28,000. அதன்மேல் கேப் 9,000. இடைக்காலத்துக்குப் பொய்ப்பல் 2,000. விபத்துப் பற்களின் கணக்கு இத்தோடு 69,000. கீழ்க் கடைவாயில் இம்ப்ளாண்ட் 28,000, கேப் 7,500, ஆக 35,500. மொத்தம் 1,04,500. மருந்து, மாத்திரை, ஆட்டோ எல்லாம் தனி.

மருத்துவர் முதலில் சொன்னது "ஒரு இம்ப்ளாண்ட் இருபத்தெட்டு" என்றுதான். மாமா மனசுக்குள் இரண்டு இருபத்தெட்டு ஐம்பத்தாறு என்று போட்டுவைத்திருந்தார். திருகு வேறு, கேப் வேறு, எலும்பு வேறு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. "இருபத்தெட்டு" என்று காதில் விழும் தொகை அநேகமாகத் திருகுக்கு மட்டும்தான். கடித்துச் சாப்பிடும் பல் அதற்கு அப்புறம்தான் வரும்.

இனி பாலிசி. மாமாவிடம் இருந்தது ஐந்து லட்சம் ரூபாய்க்கான சாதாரண மருத்துவக் காப்பீடு. புத்தகத்தைப் புரட்டினால், பல் சிகிச்சை என்பது விபத்துக் காயத்தால் தேவைப்பட்டு, மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்து செய்தால் மட்டும் உண்டு என்று ஒரு வரி. மருத்துவமனையை விட்டு வந்த பிறகு 60 நாள் வரை அதே காயம் தொடர்பான செலவு உண்டு என்று இன்னொரு வரி. எங்கள் வழக்கு முழுக்க இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் கிடந்தது.

முதல் வரியில் 'மருத்துவமனை' என்ற சொல்லுக்கே தனி வரையறை இருக்கிறது. பதிவு பெற்ற மருத்துவமனையாக இருக்கவேண்டும். இல்லையென்றால் பத்து லட்சத்துக்குக் கீழ் மக்கள்தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கை, மற்ற ஊரில் 15 படுக்கை, நாள் முழுக்க நர்ஸ், நாள் முழுக்க மருத்துவர், முழு வசதியுள்ள ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் வேண்டும். எங்கள் கிளினிக்கில் இருந்தது இரண்டு நாற்காலி, ஒரு எக்ஸ்ரே மெஷின், வரவேற்பில் ஒரு மீன் தொட்டி. 24 மணி நேரத்துக்குக் குறைவான பகல்நேரச் சிகிச்சை என்று ஒரு வழி இருக்கிறதே என்று யாராவது கேட்கலாம். அந்த வரையறையிலேயே, வழக்கமாக வெளிநோயாளியாகவே செய்யப்படும் சிகிச்சை இதில் சேராது என்று முடித்திருக்கிறார்கள். உள்ளூர் மரத்துப்போகும் ஊசியில் ஒரு மணி நேரத்தில் முடியும் இம்ப்ளாண்ட் அந்த வாசலில் நுழையாது.

சொல் வரலாறு ஒன்றும் இதில் உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, 2013-ல் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாகக் கொடுத்த வரையறையில் பல் சிகிச்சை என்பது பரிசோதனை, அடைப்பு, கேப், பிடுங்குதல், அறுவை என்று சொல்லி, அழகு சிகிச்சையும் இம்ப்ளாண்டும் நீங்கலாக என்று முடித்திருந்தது. 2016-ல் திருத்திக் கொடுத்த வரையறையில் அந்த 'நீங்கலாக' இல்லை. இதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நப்பாசை வந்தது. ஆனால் வரையறையில் கதவைத் திறந்துவிட்டால் பாலிசியிலும் திறந்ததாக ஆகாது. என்ன கொடுப்பது, எந்த நிபந்தனையில் கொடுப்பது என்பதை நிறுவனம் தன் பங்குக்கு எழுதிக்கொள்கிறது. 2020 ஏப்ரலில் வந்த, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான பாலிசியான ஆரோக்கிய சஞ்சீவனியில்கூட, நோயாலோ காயத்தாலோ தேவைப்படும் பல் சிகிச்சை உண்டு என்று தாராளமாகவே எழுதியிருக்கிறது. ஆனால் அதுவும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான். எந்தப் புத்தகத்தைத் திருப்பினாலும் கட்டிலுக்கே வந்து சேர்கிறோம்.

இரண்டாவது வரிதான் எனக்கு அதிகம் உறுத்தியது. 60 நாள். அக்டோபர் 18-ல் டிஸ்சார்ஜ் என்றால் டிசம்பர் 17-ல் அந்தக் கணக்கு மூடுகிறது. எலும்புக்கு அந்தத் தேதி தெரியுமா? பல் பிடுங்கிய குழி ஆற இரண்டு மூன்று மாதம். டைட்டானியம் எலும்போடு ஒட்ட மூன்றிலிருந்து ஆறு மாதம். சுவீடனில் பிரானமார்க் என்ற எலும்பு ஆய்வாளர் 1950-களில் முயலின் காலில் டைட்டானியக் குழாயைப் பொருத்திவிட்டு, பிறகு கழற்ற முடியாமல் திணறியபோது கண்டுகொண்ட விஷயம் இது; மனித வாயில் முதல் இம்ப்ளாண்டை அவர் வைத்தது 1965-ல். அன்றுமுதல் அவசரப்படுத்த முயன்று பார்த்திருக்கிறார்கள். சிலருக்கு உடனே வைக்கவும் செய்கிறார்கள். சர்க்கரை 8.4 உள்ள, எலும்பு உடைந்த 61 வயதுக்காரருக்கு அது பொருந்தாது. ஆக, விபத்தில் போன பல்லுக்கான முறையான சிகிச்சையை முறையான காலத்தில் செய்தால் அது 60 நாளுக்கு வெளியேதான் விழும். கை எலும்பு முறிந்தால் அந்த அட்மிஷனிலேயே தட்டு வைத்து அனுப்புகிறார்கள், பணமும் வந்துவிடுகிறது. அதிலும் பல நேரம் இதே டைட்டானியம்தான்.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்பதற்கு வருகிறேன். டிசம்பர் கடைசியில் ஸ்கேனுக்கும் வேர் சிகிச்சைக்கும் சேர்த்து 7,000 கேட்டு அனுப்பினோம். ஜனவரியில் கடிதம் வந்தது: வெளிநோயாளி பல் சிகிச்சை, பாலிசியில் இல்லை. மார்ச்சில் இம்ப்ளாண்ட் பில்லை அனுப்பினோம். அதற்கும் அதே பதில், கூடவே "இரண்டு இம்ப்ளாண்டில் ஒன்று விபத்துக்குத் தொடர்பில்லாதது" என்று ஒரு வரி. அந்த வரி நியாயமானது. தப்பு எங்கள் பில்லில்தான். கிளினிக்கில் "இம்ப்ளாண்ட் - 2 - 56,000" என்று ஒரே வரியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பல் எண் இல்லை. மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரியிலும் தலைக்காயம், உதட்டுக் கிழிசல் என்று இருந்ததே தவிர பல்லைப் பற்றி ஒரு சொல் இல்லை. கம்பி கட்டியதற்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள், ஆனால் சம்மரியில் பல் உடைந்ததாகவே இல்லை. படிக்கிறவன் நிராகரிக்கத்தான் செய்வான்.

ஏப்ரலில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு மருத்துவமனை ரெக்கார்டு அறைக்குப் போனேன். கேஸ் ஷீட்டை எடுத்துக் கொடுத்த பெண், "அண்ணா, இதுல எழுதியிருக்காரே" என்று விரலை வைத்தார். டியூட்டி டாக்டர் அன்றிரவே கோழிக்கிறுக்கலில் எழுதியிருந்தார்: 11 முழுசாக வெளியே, 21 உடைவு. அவ்வளவுதான், ஒரே வரி. அந்தப் பக்கத்தின் நகலையும், அதைச் சேர்த்துத் திருத்திய சம்மரியையும் வாங்கினேன். கிளினிக்கில் பில்லைப் பல் எண் வாரியாகப் பிரித்து எழுதச் சொன்னோம். முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுத்தார்கள்.

நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதினேன். இம்ப்ளாண்டைப் பற்றி அதிகம் வாதாடவில்லை. "21-ஆம் பல்லுக்கு உள்நோயாளியாக இருந்தபோது கம்பி கட்டியதற்கு நீங்களே பணம் கொடுத்திருக்கிறீர்கள். அதே பல்லுக்கு, அதே காயத்துக்கு, டிஸ்சார்ஜ் ஆன 21-ஆம் நாள் வேர் சிகிச்சை. இது மருத்துவமனைக்குப் பிந்தைய செலவு இல்லையென்றால் எதுதான்?" என்பதுதான் கடிதத்தின் சாரம். மே மாதம் 7,000 ரூபாய் மாமாவின் கணக்கில் வந்தது. இம்ப்ளாண்டுக்கு மறுப்பு மறுப்பாகவே நின்றது.

அதற்கு மேல், நிறுவனத்துக்கு வெளியே உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மன்) போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம், நிராகரித்து ஒரு வருஷத்துக்குள் போனால் போதும். மாமாவுக்குப் போகவேண்டும் என்று ஆசை. நான்தான் வேண்டாம் என்றேன். 60 நாள் என்பது தெளிவாக அச்சடித்த நிபந்தனை. அது எலும்பைப் புரிந்துகொள்ளாத நிபந்தனை என்பது என் கருத்து. ஆனால் கையெழுத்துப் போட்டு வாங்கிய நிபந்தனை. மங்கலாக எழுதிய வரிக்காகச் சண்டை போடலாம். இது மங்கலாக இல்லை. நான் சொன்னது சரிதானா என்று இன்றைக்கும் ஒரு சந்தேகம் உண்டு, அது வேறு விஷயம்.

இடையில் மாமாவின் மண்டி நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். தெரிந்த மருத்துவமனையில் ஒரு ராத்திரி அட்மிஷன் போட்டு அங்கேயே இம்ப்ளாண்ட் வைத்தால் எல்லாம் வந்துவிடுமாம். இது ஊரில் பலர் சொல்லும் யோசனை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கட்டில் தேவைப்படாத சிகிச்சைக்குக் கட்டில் காட்டினால், மருத்துவத் தேவை இல்லாத அட்மிஷன் என்று ஒரே வரியில் மறுக்கலாம். பொய்யாகக் காட்டியது என்று முடிவானால் பாலிசியையே ரத்து செய்யலாம். சர்க்கரைக்காரருக்கு 61 வயதில் புதுப் பாலிசி எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்தால், 28,000-க்காக ஐந்து லட்சத்தைப் பந்தயம் வைக்கிற கதை. தாடை எலும்பே முறிந்து தட்டு வைக்கிறவர்கள், புற்றுநோய்க்காகத் தாடையை எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டுகிறவர்கள் என்றால் விஷயம் வேறு. அவர்களுக்குக் கட்டில் உண்மையிலேயே தேவை. அந்தச் சிகிச்சையின் பகுதியாக இம்ப்ளாண்ட் வருமானால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேட்கலாம்.

மாமாவின் மகள் கோயம்புத்தூரில் ஐடி கம்பெனியில் இருக்கிறாள். பெற்றோரையும் சேர்த்த குழுக் காப்பீடு. "அப்பா, எங்க பாலிசியில டென்டல் கவர்டுனு மெயில் வந்துச்சு" என்றாள். மெயிலைத் திறந்து பார்த்தால் வருஷத்துக்கு ஒரு இலவசப் பரிசோதனை, ஒரு முறை பல் சுத்தம், மற்றவற்றுக்குக் குறிப்பிட்ட கிளினிக்குகளில் தள்ளுபடி. ஈரோட்டில் அந்தப் பட்டியலில் ஒரே கிளினிக்தான் இருந்தது, அங்கே இம்ப்ளாண்டுக்குத் தள்ளுபடி பொருந்தாது.

வருமான வரியிலும் ஒன்றும் தேறவில்லை. 60 தாண்டியவருக்குக் காப்பீடே இல்லையென்றால், பழைய வரி முறையில் அவருடைய மருத்துவச் செலவை 50,000 வரை, அந்த வருஷங்களில் நடப்பிலிருந்த 80டி பிரிவில் கழிக்கலாம், ரொக்கமாகக் கொடுக்காதவரை. மாமாவுக்குக் காப்பீடு இருக்கிறது. அதனால் பிரீமியத்துக்கு மட்டும்தான் கழிவு, பல் பில்லுக்கு இல்லை. "இன்சூரன்ஸ் எடுத்ததே தப்பாப் போச்சா?" என்றார். இல்லீங் மாமா, ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தாங்களே நாற்பத்திரண்டாயிரம் என்று நினைவுபடுத்தினேன்.

இம்ப்ளாண்ட் வைத்த நாளன்று நான் கூடவே இருந்தேன். வலித்ததா என்றால் இல்லையாம். திருகை இறக்கும்போது சின்ன ஸ்பேனர் மாதிரி ஒன்றால் முறுக்கி, "முறுக்கு விசை முப்பத்தஞ்சு வந்துடுச்சு, நல்லாப் பிடிச்சிருக்கு" என்றார் மருத்துவர். அந்தக் க்ளிக் சத்தம்தான் தலைக்குள் கேட்டது என்றார் மாமா. முடிந்ததும் ஒரு சின்ன அட்டை கொடுத்தார்கள். திருகின் அளவு, லாட் எண், மேலே ஒட்டிய ஸ்டிக்கர். தயாரிப்பு தென் கொரியா.

அந்த ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுத்தான் கொரியாவில் இதை எப்படிக் கொடுக்கிறார்கள் என்று தேடினேன். அங்கே எல்லோருக்கும் பொதுவான தேசியக் காப்பீடு. 2014-ல் 75 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இம்ப்ளாண்டைச் சேர்த்தார்கள். 2016-க்குள் வயதை 65-க்கு இறக்கினார்கள். ஆயுளுக்கு இரண்டு. 2018 ஜூலையிலிருந்து நோயாளி கட்டவேண்டியது 30 சதவீதம். வாயில் ஒரு பல்லும் இல்லாதவருக்கு இம்ப்ளாண்ட் கிடையாது, பல்செட்தான். யாரும் கட்டிலைக் கேட்பதில்லை. வயதையும் பற்களின் எண்ணிக்கையையும்தான் கேட்கிறார்கள். ஒரே தொழிற்சாலையின் திருகு சியோலில் ஒரு முதியவருக்கு முப்பது சதவீதத்துக்குக் கிடைக்கிறது, ஈரோட்டில் முழு விலைக்கு. மாமாவிடம் சொன்னேன். "எனக்கு அங்கேயும் இன்னும் நாலு வருஷம் ஆகணுமா" என்று சிரித்தார். முன்பல்லில் அப்போது இடைக்காலப் பொய்ப்பல்தான் இருந்தது, அது கொஞ்சம் ஆடியது.

திரும்பிப் பார்க்கையில் எனக்கு மனசு அடித்துக்கொள்வது முன்பல்லுக்காக அல்ல, கடைவாய்ப் பல்லுக்காக. முன்பல்லை அதே மருத்துவரிடம் செய்ததுதான் சரி. எலும்பு வேலை நுணுக்கமானது, கேப்பின் நிறத்தைப் பொருத்தவே மூன்று முறை வரச்சொல்லி, நிற அட்டையை வெயிலில் பிடித்துப் பார்த்து ஏ3 என்று முடிவுசெய்தார். கடைவாய் அப்படி இல்லை. நாலு வருஷம் காத்திருந்த பல் இன்னும் நாலு மாதம் காத்திருக்கும். குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கம் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் கண்காணிப்பில் செய்வார்கள். நேரம் அதிகம் ஆகும், காசு குறைவு. நான் பின்னால் ஓர் இடத்தில் விசாரித்தபோது இம்ப்ளாண்டும் கேப்பும் சேர்த்து 16,000 என்றார்கள். மாமா கொடுத்தது 35,500. பாலமாகக் கேப் போடுவதும் ஒரு வழிதான், எங்கள் கிளினிக் விலையில் மூன்று கேப்புக்கு 22,500. ஆனால் அதற்கு இரண்டு பக்கத்து நல்ல பற்களை அராவ வேண்டும். அதை மாமா ஒப்புக்கொள்ளாதது நல்லதுதான்.

நவம்பரில் ரினியூவல் நோட்டீஸ் வந்தது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை என்பதால் போன வருஷத்தைவிடத் தொகை குறைந்திருந்தது. கூடவே ஒரு துண்டுத் தாள்: 5,800 கூடுதலாகக் கட்டினால் வெளிநோயாளிச் செலவு வருஷத்துக்கு 10,000 வரை, பல் உட்பட. தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் கேப், பாலம், இம்ப்ளாண்ட் நீங்கலாக. இந்த முறை மாமாவே திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மண்டிச் சீட்டைப் படிப்பது போல ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். துண்டுத் தாளை மடித்து டேபிள் காலுக்கு அடியில் வைத்துவிட்டு, பழைய பாலிசிக்கு மட்டும் பணம் கட்டச் சொன்னார்.

அத்தைக்கும் கீழ்த்தாடையில் ஒரு பல் போய் மூன்று வருஷம் ஆகிறது. அடுத்த புதன்கிழமை குமாரபாளையம் கூட்டிப் போகிறேன். காலை ஒன்பது மணிக்குள் ஓபி சீட்டு வாங்கவேண்டுமாம்.